அக்கினி மூலையில் ஒரு மீன் அடுப்பு

உலகத்தில் கண்ட்ராக்டரைவிடக் கேவலமான பிறவி ஒன்று உண்டென்றால், அது கண்ட்ராக்டருக்கு முன்னால் கையில் வரைபடத்தோடு நிற்கும் ஆபீஸ் குமாஸ்தா, எங்கள் ஊர்ப் பேச்சில் கிராணிதான். நான் அந்த இரண்டாவது ரகம். ஆகையால் முதல் ரகத்தை வாய் நிறையத் திட்டும் உரிமை எனக்கு உண்டு.

ரப்பர் விலை விழுந்த காலம் அது. தோட்டங்களில் வேர்வை சிந்தியவர்களையெல்லாம் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். வேர்வை சிந்தாதவர்கள் கோலாலம்பூருக்கு வந்து கண்ட்ராக்டர் ஆனார்கள். பிரிக்ஃபீல்ட்ஸில் எந்தக் காப்பிக் கடையில் உட்கார்ந்தாலும் பக்கத்து நாற்காலியில் ஒரு கண்ட்ராக்டர் இருப்பார். அவருக்கும் சேர்த்து நீங்கள்தான் காப்பி வாங்க வேண்டும்.

நான் ரயில்வே ஆபீஸில் பிளான் பகுதியில் இருந்தேன். பெரிய உத்தியோகம் என்று நினைத்துவிடாதீர்கள். துரை ஒரு படம் போடுவார். அதன் மேல் மெல்லிய துணித்தாளை விரித்து, கோட்டுக்குமேல் கோடு இழுத்து நகலெடுப்பது என் வேலை. துரை கை நடுங்கிக் கோணலாகப் போட்டால் நானும் கை நடுங்காமல் கோணலாகப் போட வேண்டும். இதையே பல வருஷம் செய்ததில் எனக்கும் கட்டடம் கட்டத் தெரியும் என்ற எண்ணம் வந்துவிட்டது. கோயிலில் நாள் முழுக்க மணியடிப்பவனுக்கு நாலு மந்திரம் தெரியும் என்று தோன்றுவதில்லையா, அதுபோல.

எங்கள் வீடு கிழக்குப் பார்த்த பலகை வீடு. முன்னால் கொஞ்சம் வாசல் நிலம், அதைத் தாண்டினால் தெரு. பின்னால் கிணறு, ஒரு ரம்புத்தான் மரம். வீட்டின் பின்பக்கம், வடமேற்கு ஓரத்தில், கரி ஏறிய ஒரு சமையலறை. ரப்பர் விறகு ஈரமாக இருந்தால் அதற்குள் போனவர் கண்ணைத் திறந்தபடி வெளியே வந்ததாகச் சரித்திரம் இல்லை. வீட்டில் நாங்கள் மூன்று பேர்: நான், என் மனைவி, என் அக்கா. ஆளுக்கொரு கட்சி. என் கட்சிக்கு மட்டும் ஓட்டுக் கிடையாது.

அத்தான் இறந்த பிறகு அக்கா எங்களோடு வந்து சேர்ந்தாள். அவர் போன அன்றே மீனை விட்டாள். அவள் விட்டதோடு நிற்கவில்லை, வீடே விட்டது. சட்டி பானையெல்லாம் மாறியது. மீன் அறுத்த அரிவாள்மனை கிணற்றடியில் துருப்பிடித்தது. நான் அப்போது கல்யாணமாகாதவன். ரசத்தைக் குடித்துவிட்டுக் கிடந்தேன். பிறகு என் மனைவி வந்தாள். அவள் கிள்ளான்காரி. அவள் அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்தவர். அந்த வீட்டில் காலையில் நெத்திலி, மத்தியானம் கானாங்கெளுத்தி, ராத்திரிக்குச் சுட்ட கருவாடு. அப்படிப்பட்டவளைக் கட்டிக்கொண்டுவந்து மூன்று வேளையும் ரசத்தில் நனைத்து வைத்திருந்தேன். கிள்ளான் ஆற்றிலிருந்து மீனைப் பிடித்துக் கிண்டிச் செம்பில் விட்ட கதைதான்.

நானும் யோக்கியன் இல்லை. ஸ்டேஷன் பக்கத்தில் நாகூர்க்காரர் ஒருவர் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தார். வாரத்தில் இரண்டு மத்தியானம் அங்கே மீன்தலைக் குழம்பில் கையை விடுவேன். பிறகு வெற்றிலை, கிராம்பு, ஏலக்காய் எல்லாம் மென்று, கையை எலுமிச்சம்பழத் தோலால் தேய்த்துக்கொண்டு, பூஜை முடித்த ஐயர் மாதிரி வீட்டுக்கு வருவேன். அக்காவுக்குத் தெரியாது. மனைவிக்குத் தெரிந்துவிடும். என் உள்ளங்கையை மோந்து பார்ப்பாள். மற்றப் பெண்கள் புருஷன் சட்டையில் வேறொருத்தியின் பூ வாசனையைத் தேடுவார்கள். இவள் தேடியது சுறாவை.

"இன்னிக்குக் கொடுவாயா?" என்பாள்.

"இல்லையே."

"பொய். கொடுவாதான். என்னை விட்டுட்டுக் கொடுவா!" என்று கண்ணைத் துடைப்பாள்.

அவள் ஐந்தாம் மாதம் முழுகாமல் இருந்தபோது விஷயம் முற்றியது. மாங்காய், சாம்பல், மண் என்று மற்றவர்கள் கேட்பதையெல்லாம் இவள் கேட்கவில்லை. மீன் குழம்பு, அவள் கையால் வைத்த மீன் குழம்பு, அவ்வளவுதான். கடையிலிருந்து வாங்கிவரட்டுமா என்றேன். என்னைப் பார்த்த பார்வையில் நான் நாகூர்க்காரர் கடைவரை பின்னால் நடந்தேன். ஒருநாள் சாயங்காலம், அக்கா காதில் விழாதபடி சொன்னாள்:

"ஏங்க, இந்த வீட்டுல எனக்குன்னு ஓர் அடுப்பு வேணும். ஏழாம் மாசம் பொறக்கறதுக்குள்ள இல்லேன்னா நான் கிள்ளானுக்கு எங்கண்ணன் வீட்டுக்குப் போயிடுவேன். பிரசவம் அங்கதான். அப்புறம் நீங்களும் அண்ணியும் எதிரெதிரா உக்காந்து ரசம் குடிங்க."

"பிரசவத்துக்கு அப்புறம் வருவ இல்ல?"

"அங்க மீன் கிடைக்கிறதைப் பொறுத்து."

நகைச்சுவை எனக்கு மட்டுமே சொந்தம் என்று நினைத்திருந்தேன். ஆனால் அவள் சிரிக்கவில்லை. தகரப்பெட்டியைப் பரணிலிருந்து இறக்கிக் கட்டிலடியில் வைத்திருந்தாள். அன்று ராத்திரி அந்தப் பெட்டியின் மூலை என் கால் விரலில் இடித்தது. வலித்தபோதுதான் எனக்கு உறைத்தது, இது விளையாட்டு இல்லை.

அக்காவிடம் போய், வீட்டுக்கு வெளியே, தனியாக, தூரமாக, ஒரு சமையல்கூடம் கட்டலாமா என்று இழுத்தேன். அக்கா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"வெளியில என்னத்தையோ பண்ணிக்க. ஆனா வீட்டுக்குள்ள ஒரு பொட்டு வாடை வரக் கூடாது. வந்தா அன்னிக்கே அடுப்பை இடிச்சுப்புடுவேன்."

இதை மனைவியிடம் சொன்னேன். "அண்ணி அடுப்பை இடிச்சா அடுத்த நிமிஷம் நான் ரயிலேறிடுவேன்" என்றாள். இரு நாட்டுக்கும் இடையே தூது போன புண்ணியம் எனக்கு. தூதனை யாரும் கொல்வதில்லை என்பார்கள். சோறு போடாமல் விடுவார்கள் என்பதை யாரும் சொல்வதில்லை.

ஆபீஸில், துரை கிளப்புக்குப் போயிருந்த நேரமாகப் பார்த்து, துரையின் துணித்தாளில், துரையின் மையால் பிளான் போட்டேன். பின்பக்கம் ரம்புத்தான் மரத்தடியில் செங்கல் மேடை, இடுப்பளவு சுவர், நாலு தூண், தகரக் கூரை, புகை போக ஒரு வழி. அழகாகத்தான் வந்தது. ஆனால் என் ஆயுளில் நான் நகலெடுத்ததெல்லாம் ரயில்வே பிளாட்பாரமும் சிக்னல் கொட்டகையும். கை அதற்கே பழகியிருந்தது. படத்தை மனைவி விளக்குப் பக்கம் பிடித்துப் பார்த்தாள்.

"டிக்கெட் எங்க வாங்குறது?" என்றாள்.

கண்ட்ராக்டரைப் பிடித்துக்கொடுத்தது வடக்குப் பக்கத்து வீட்டு ரயில் டிரைவர். "கைராசிக்காரர். அவர் கட்டினது எதுவும் விழுந்ததில்லை" என்றார். உண்மைதான். எதையாவது கட்டி முடித்தால்தானே விழும்?

வந்தார். வேட்டிக்கு மேலே கறுப்புக் கோட்டு. கோட்டுப் பையில் சங்கிலி போட்ட கடிகாரம். அது ஓடாது, ஆனாலும் மணிக்கொரு தரம் எடுத்துப் பார்ப்பார். கக்கத்தில் குடை. அந்தக் குடைதான் அவருடைய கொத்துக்கரண்டி, தச்சுளி, மூலைமட்டம், அளவுகோல், ஆள் விரட்டும் கோல் எல்லாம். வெயிலுக்கோ மழைக்கோ அதை அவர் விரித்து நான் பார்த்ததில்லை.

"கிராணியாரே, அந்த மணிக்கூண்டு வச்ச பெரிய கவர்மெண்டுக் கட்டடம் இருக்கே, அதுல கிழக்குச் சுவர் நம்ம பெரியப்பா கட்டினது" என்று ஆரம்பித்தார்.

இந்த ஊரில் எனக்குத் தெரிந்த ஒவ்வொரு கண்ட்ராக்டரின் பெரியப்பாவும் அந்தக் கட்டடத்தில் ஒரு சுவர் கட்டியிருக்கிறார். எல்லாரும் சொன்னது நிஜமென்றால் அந்தக் கட்டடம் கிள்ளான்வரை நீண்டிருக்க வேண்டும். நான் பிளானை நீட்டினேன். அவர் அதைத் தலைகீழாகப் பிடித்து, ரொம்ப நேரம் தலையாட்டினார்.

"சொகுசாப் போட்டிருக்கீங்க. ஆனா இடம் தப்பு."

"ஏன் அண்ணே?"

"அடுப்பைக் கொண்டுபோய் மேற்கே வைப்பாங்களா? அக்கினி பகவான் எங்க இருக்கார்? தென்கிழக்கே. அக்கினி மூலையை விட்டுட்டு அடுப்பு வச்சா அந்தக் குடும்பம் வெளங்குமா? இதெல்லாம் துரை பிளான்ல இருக்காதுங்க."

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். கடல் தாண்டி வந்தபோது நம் ஆட்கள் பலதை விட்டுவிட்டு வந்தார்கள். நிலத்தை விட்டார்கள், சொந்தத்தை விட்டார்கள், சிலர் பெயரையே விட்டார்கள். மனையடி சாஸ்திரத்தை மட்டும் வேட்டி முடிச்சில் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்தார்கள். ஊரில் அந்த மூலையில் அடுப்பு வைத்தால் காற்று எப்படி அடிக்கும், இங்கே எப்படி அடிக்கும் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. நான் கேட்டேனா? நான்தான் படித்தவன் ஆயிற்றே, எப்படிக் கேட்பேன்?

"முன்வாசல்ல போய் வருதே அண்ணே அந்த மூலை! கிழக்குப் பார்த்த வீடு. தெருவை ஒட்டியா சமையலறை?" என்றேன்.

"அதுதாங்க யோகம்."

என் மனைவி கதவுக்குப் பின்னாலிருந்து, "தெருவுல உக்காந்து மீன் அறுக்கச் சொல்றாரா?" என்றாள்.

கண்ட்ராக்டர் காது கேட்காதவராகிவிட்டார். அப்போது அக்கா கூடத்திலிருந்து சொன்னாள்: "அவர் சொல்றதுதான் சரி. மீனோ மிளகோ, நெருப்பு நெருப்புதான். அக்கினி மூலைன்னா அக்கினி மூலைதான்." மீன் அடுப்பு வேண்டாம் என்றவளே, அந்த அடுப்புக்கு நல்ல இடம் வேண்டுமென்று வாதாடினாள். சாஸ்திரம் என்று வந்துவிட்டால் அக்கா தன் கட்சியையே எதிர்த்து ஓட்டுப் போடுவாள்.

"அதோட, சாயங்காலமானா தெற்கேயிருந்து காத்து ஜிலுஜிலுன்னு வரும்" என்றார் கண்ட்ராக்டர், குடையால் தெற்கைக் குத்திக்காட்டி. "தென்றல்! புகை ஒரு நிமிஷம் நிக்காது. நான் பொறுப்பு."

அந்த மனுஷன் அவர் வாழ்நாளில் சொன்ன ஒரே நிஜம் அது. அதுதான் எங்களைக் கவிழ்த்தது.

குடையைப் படுக்கப் போட்டு, நீளம் இத்தனை குடை, அகலம் இத்தனை குடை என்று அளந்தார். நான் அங்குலக் கணக்கில் போட்டிருந்த பிளானை மடித்து, அதன்மேல் உட்கார்ந்து வெற்றிலை போட்டார். துரையின் உயர்ந்த ரகத் துணித்தாள். ஈரம் ஏறாது. அந்த விதத்தில் பிளான் உபயோகப்பட்டது.

வேலை ஆரம்பித்தது என்று எழுதக் கை கூசுகிறது. செங்கல் சூளைகள் இருந்ததால்தான் எங்கள் பகுதிக்கே பிரிக்ஃபீல்ட்ஸ் என்று பெயர். அங்கே இருந்துகொண்டு நான் செங்கலுக்குக் காத்திருந்தேன், கடற்கரையில் குடியிருப்பவன் உப்புக்கு அலைவதுபோல. செங்கல் வந்தால் ஆள் வராது. ஆள் வந்தால் அன்றைக்கு அஷ்டமி. மறுநாள் நவமி. அதற்கடுத்த நாள் வெள்ளிக்கிழமை, மணல் வண்டிக்கார மலாய்க்காரர் பள்ளிவாசலுக்குப் போய்விடுவார். பிறகு சீனத் தச்சருக்கு ஏதோ திருநாள். ஞாயிறு வெள்ளைக்காரர் நாள். நம் கண்ட்ராக்டருக்கு எந்த மதத்தின் மேலும் வெறுப்புக் கிடையாது. எல்லாச் சாமியின் லீவையும் ஒன்று விடாமல் எடுத்துக்கொண்டார்.

கடைசியில் சீனத் தச்சர்கள் இருவர் வந்து, யாரிடமும் பேசாமல், தூண் நட்டுக் கூரை போட்டார்கள். கொத்தனார் மேடை கட்டினார். கண்ட்ராக்டர் பிளான்மேல் உட்கார்ந்து, ஓடாத கடிகாரத்தைப் பார்த்து, "நேரமாச்சு, நேரமாச்சு லா" என்று அவர்களை விரட்டினார். கட்டிலடியில் பெட்டி மெல்ல நிரம்பிக்கொண்டிருந்தது. முதலில் ரெண்டு சேலை. பிறகு குழந்தைக்குத் தைத்த சட்டை. பிறகு அவள் சீப்பு உள்ளே போனது. சீப்பு போனால் பெண் போய்விட்டாள் என்று அர்த்தம். ஒவ்வொரு நாளும் ஆபீஸ் விட்டு வந்ததும் முதலில் அவள் தலையைப் பார்ப்பேன், வாரியிருக்கிறதா என்று. பெட்டியிலிருந்து சீப்பை எடுத்து வாரிவிட்டு மறுபடி பெட்டியில் வைப்பாள்.

ஏழாம் மாதம் பிறக்க இரண்டு நாள் இருக்கையில் சமையல்கூடம் முடிந்தது.

எப்படி இருந்தது என்கிறீர்களா? எங்கள் தெருவுக்கு ஒரு சின்ன ஸ்டேஷன் வந்ததுபோல் இருந்தது. போகிற வருகிறவர்கள் நின்று, "என்ன கடை வரப்போவுது?" என்று கேட்டார்கள். ரயில் டிரைவர் வந்து பார்த்துவிட்டு, "கொடி மட்டும்தான் பாக்கி" என்றார். நான் சிரித்துவைத்தேன். என்னைப் பார்த்து ஊர் சிரிக்கையில் நானும் கூடச் சிரித்துவிட்டால் பாதி அவமானம் மிச்சம் என்பது என் சித்தாந்தம்.

மறுநாள் டவுன் மார்க்கெட்டுக்குப் போய் நானே கானாங்கெளுத்தி வாங்கிவந்தேன். செவுளைப் புரட்டி மனைவி பார்த்தாள். "பரவால்ல, ஏமாறல" என்றாள். கல்யாணமானதிலிருந்து அவள் எனக்குக் கொடுத்த முதல் சர்ட்டிபிகேட் அது. தெருவில் உட்காரமாட்டேன் என்றவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அரிவாள்மனையோடு உட்கார்ந்தாள். புளி கரைத்தாள், மசாலா அரைத்தாள். நெருப்பு மூட்டினதும் கண்ட்ராக்டர் சொன்னதுபோல் புகை ஒரு நிமிஷம் நிற்கவில்லை. குழம்பு கொதித்தது. தெருவில் போன சைக்கிள் ஒன்று வேகம் குறைத்தது. என் மனைவியின் முகத்தில் பல மாதமாக நான் பார்க்காத ஒன்றைப் பார்த்தேன். பசி, சந்தோஷமாக இருக்கும்போது எப்படி இருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது.

சாயங்காலம். அக்கா பூஜை அறையில் விளக்கேற்றும் நேரம். பூஜை அறை எங்கே இருந்தது என்று நான் இன்னும் சொல்லவில்லை. எனக்கே அந்த நிமிஷம்வரை அதைப் பற்றி நினைவில்லை. சாஸ்திரப்படி ஈசான மூலை. வடகிழக்கு. வீட்டின் முன்பக்க அறை. சமையல்கூடம் சாஸ்திரப்படி தென்கிழக்கு. அதுவும் முன்பக்கம். இரண்டுக்கும் நடுவில் எங்கள் வராந்தா, குழாய் மாதிரி. தெற்கேயிருந்து தென்றல் புறப்பட்டது. அடுப்படியில் ஒரு நிமிஷம் நின்று, குழம்புச் சட்டியை எட்டிப் பார்த்து, வேண்டியதை அள்ளிக்கொண்டு, வராந்தா வழியாக நேரே சாமி ஜன்னலுக்குள் நுழைந்தது. சாஸ்திரத்தை இவ்வளவு துல்லியமாகக் கடைப்பிடித்த வீடு இந்த மலாயாவிலேயே எங்களுடையதாகத்தான் இருக்கும். முருகனுக்கு அன்று கானாங்கெளுத்தி வாசத்தில் தீபாராதனை.

மணிச் சத்தம் பாதியில் நின்றது.

அக்கா கையில் மணியோடு வெளியே வந்தாள்.

"டேய்! சாமிக்குப் படையல் போடுறியா? ஏலம் கிராம்பு எல்லாம் வச்சு மறைக்க இது உன் வாய்னு நெனச்சியா?"

ஆக, அதுவும் அவளுக்குத் தெரிந்துதான் இருந்திருக்கிறது.

"அக்கா, காத்து... அதை நான் எப்படி..."

"நான் அன்னிக்கே சொன்னேன். ஒரு பொட்டு வாடை வந்தா..."

என் மனைவி சட்டியை மூடினாள். கையைக் கழுவினாள். உள்ளே போய்த் தகரப்பெட்டியைத் தரையில் இழுத்துக்கொண்டு வந்து வராந்தாவில் வைத்து அதன்மேல் உட்கார்ந்தாள்.

"ஏங்க, ரிக்‌ஷா கூப்பிடுங்க. ஏழு மணி ரயிலுக்குப் போறேன்."

அந்த நிமிஷத்தில் ஒரு நல்ல புருஷன் என்ன செய்வான்? எனக்குத் தெரியாது. நான் கேட்டது இது: "ரிக்‌ஷாவுல குழம்புச் சட்டிக்கு இடம் இருக்குமா?"

இரண்டு பெண்களும் ஒரே சமயத்தில் திரும்பி என்னைப் பார்த்தார்கள். அவர்கள் இருவரும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனது அதுவே முதல் தடவை.

அக்கா கொல்லைப்பக்கம் போய்க் கடப்பாரையோடு வந்தாள். அவள் சொன்னால் செய்கிறவள். விறுவிறுவென்று சமையல்கூடத்துக்குள் ஏறி, அடுப்பு மேடைக்குமுன் நின்று கடப்பாரையைத் தூக்கினாள்.

"யாரு, அக்காவா?"

தெருவில் பால்காரம்மா, தலையில் காலிச் செம்புகளோடு. பின்வாசல் வழியாகப் பால் வாங்கிய காலத்தில் அக்காவுக்கு ரொம்பச் சிநேகிதம். எங்களுக்குப் பால் ஊற்றுவதை அவள் நிறுத்திப் பல வருஷமாகியிருந்தது.

"உசுரோட இருக்கீங்களா? வெளியிலேயே காணோமேன்னு நான் ஊருக்குப் போயிட்டீங்கன்னு நெனச்சேன். என்ன கடப்பாரை? தென்னங்கன்னு வைக்கிறீங்களா?"

அக்கா கடப்பாரையைக் கீழே வைத்தாள். "சும்மா... இது புது அடுப்பு. பாத்துக்கிட்டிருக்கேன்" என்றாள்.

பால்காரம்மா செம்பை இறக்கி இடுப்பளவுச் சுவர்மேல் வைத்தாள். யார் வீட்டில் கல்யாணம், யார் கப்பலேறினார்கள், எந்தக் கிராணி குடித்துவிட்டுக் கால்வாயில் விழுந்தார். அவர் நான் இல்லை, எழுதிவைக்கிறேன். பேச்சு போய்க்கொண்டே இருந்தது. அவள் போனதும் இன்னொருத்தி நின்றாள். பிறகு கோயிலுக்குப் போகிற கூட்டம். ஒவ்வொருவரும் "அக்கா!" என்று நின்றார்கள். அக்கா மேடையோரத்தில் உட்கார்ந்துவிட்டாள். தென்றல் அவள் முகத்தில் அடித்தது. கண்ணில் புகை இல்லை. அத்தான் போனதிலிருந்து அவள் காலைமுதல் மாலைவரை எதிரே பார்த்தது கரி பிடித்த ஒரு பலகைச் சுவரைத்தான். இது எனக்கு அப்போது தோன்றவில்லை. அப்போது எனக்குத் தோன்றியது, ஏழு மணி ரயில் தவறிவிட்டால் நல்லது என்பது மட்டும். நான் ரிக்‌ஷா கூப்பிடவில்லை. தெருமுனைவரை போய், அங்கே நின்ற ரிக்‌ஷாக்காரரிடம் ஒரு சுருட்டுக்கு நெருப்பு வாங்கிக்கொண்டு திரும்பிவந்தேன். என் வீரச்செயல்களிலெல்லாம் தலைசிறந்தது அதுதான்.

இருட்டத் தொடங்கியபோது அக்கா எழுந்து வராந்தாவுக்கு வந்தாள். மனைவி இன்னும் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தாள். அக்கா அவளைப் பார்க்காமல், என்னைப் பார்க்காமல், தூணைப் பார்த்துப் பேசினாள்.

"அக்கினி மூலையில சாஸ்திரப்படி கட்டின அடுப்பு. இதுல போய் மீனை ஏத்தினா அடுக்குமா? ஈசானத்துச் சாமி நேரா பாக்குது. பாவம்."

"அதனாலதான் இடிக்கப்..." என்று நான் ஆரம்பித்தேன்.

"நீ வாயை மூடு. நாளையிலேருந்து இதுல நான் சமைக்கிறேன். சாமிக்கு நைவேத்தியமும் இதுலதான்."

"அப்ப மீனு?" என்றேன்.

"உள்ள இருக்கற பழைய அடுப்படி வாயு மூலை. வாயுன்னா என்ன? காத்து. தெக்கத்திக் காத்து வாடையைத் தூக்கிக்கிட்டு வடக்கே அந்த டிரைவர் வீட்டுக்குப் போயிடும். அந்த ஆளு கண்ட்ராக்டரைப் புடிச்சுக்குடுத்த ஆளுதானே, அனுபவிக்கட்டும்."

மீன் வீட்டுக்குள் வரக் கூடாது என்பதற்காக வெளியே அடுப்புக் கட்டி, முடிவில் மீன் வீட்டுக்குள் போய், ரசம் தெருவுக்கு வந்தது. வாயைத் திறந்து இதைச் சொல்லப் போனேன். மனைவி என் காலை மிதித்தாள்.

"அண்ணி," என்றாள் மெதுவாக, "உள்ள ரொம்பப் புகையா இருக்குமே."

"இருக்கும். மாசமா இருக்கறவ அதுல நிக்க வேணாம். இந்தத் தடியன் மேற்குச் சுவத்துல ரெண்டு பலகையைப் பேத்துவிடட்டும். அதுக்காவது துரைகிட்ட பிளான் வாங்காம செய்வானா பாப்போம்." பிறகு வேறு எங்கோ பார்த்து, "நீ அண்ணன் வீட்டுக்குப் போயிட்டா இவன் சொல்ற சிரிப்புக்கெல்லாம் நான் ஒருத்தியா உக்காந்து சிரிக்கணும். என்னால ஆகாது புள்ள. எழுந்திரு" என்றாள்.

மனைவி எழுந்தாள். சட்டியைத் தூக்கிக்கொண்டு நான் பின்னால் போனேன். கரி பிடித்த அந்தச் சமையலறையில் தரையில் உட்கார்ந்து அவள் சாப்பிட்டாள். எனக்கு வை என்று கேட்கத் தைரியம் வரவில்லை. அவள் சட்டியில் சோற்றைப் போட்டு வழித்துக்கொண்டிருந்தபோது முன்வாசலிலிருந்து குரல் வந்தது:

"ஏ புள்ள, முள்ளைப் பாத்துத் தின்னு!"

பிறகு கொஞ்சம் தாழ்ந்த குரலில், தெருவுக்குச் சொல்வதுபோல்: "புளி பத்தல. வாசத்துலேயே தெரியுது."

கண்ட்ராக்டர் ஒருநாள் வந்தார். முன்வாசலில் அக்கா ரசம் தாளித்துக்கொண்டு, தெருவில் போகிற யாரையோ நிறுத்தி நியாயம் பேசிக்கொண்டிருந்தாள். "நான் சொன்னேனே கிராணியாரே, யோகமான இடம்!" என்றார் அவர், குடையால் கூரையைத் தட்டி. தட்டின இடத்தில் தகரம் ஒன்று கழன்று அவர் கோட்டுமேல் விழுந்தது. டிரைவர் சொன்ன கைராசி அன்றோடு முடிந்தது. ஆனால் அந்த ஆள் அசரவில்லை. அதன்பிறகு பூச்சோங்கிலிருந்தும் சாலாக்கிலிருந்தும் யார் யாரையோ கூட்டிவந்து என் வாசலில் நிறுத்தி, "இந்த மாதிரி" என்று காட்டினார். அடுத்த தீபாவளிக்குள் எங்கள் தெருவில் இன்னும் மூன்று முட்டாள்கள் வாசலில் அடுப்புக் கட்டியிருந்தார்கள். எனக்கு அவர்கள்மேல் மட்டற்ற இளக்காரம். முட்டாள்தனத்துக்குத் துணை கிடைத்த ஆறுதலும்தான்.

தகரப்பெட்டியைப் பற்றிச் சொல்ல மறந்தேன். சேலையும் குழந்தைச் சட்டையும் சீப்பும் வெளியே வந்தபின் அது காலியாகக் கிடந்தது. கிள்ளானிலிருந்து அவள் அண்ணன் ஒரு கூடை நிறையக் கருவாடு அனுப்பியிருந்தார். எறும்பும் பூனையும் நெருங்காத பாத்திரமாக வீட்டில் அது ஒன்றுதான் இருந்தது. மூடி இறுகப் பொருந்தும். அவள் கருவாட்டை அதில் கொட்டி மூடினாள். குழந்தை பிறந்து, நடந்து, அந்தப் பெட்டிமேலேயே ஏறி உட்காரப் பழகிய பிறகும் கருவாடு அதில்தான் இருந்தது. எங்களுக்குள் எத்தனையோ சண்டை வந்திருக்கிறது. "கிள்ளானுக்குப் போறேன்!" என்று அவள் கிளம்பியும் இருக்கிறாள். ஒவ்வொரு தடவையும் கையில் சேலையோடு பெட்டியைத் திறப்பாள், மோந்து பார்ப்பாள், மூடிவிடுவாள்.